மாயமும் தொன்மமும் ஊறிய டார்க் ஃபேன்டஸி நாவலை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

கருநொச்சி எழுதியது:

வணக்கம் நண்பர்களே.

போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் ‘தி லாஸ்ட் விஷ்’ கதைத் தொகுப்பைப் படித்ததிலிருந்து அதே வாடை வீசும் இன்னொரு புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் ஸ்ட்ரிகா கதை படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓர் அரசனின் மகள் சாபத்தோடு பிறந்து, இறந்து, கல்லறைக்குள்ளேயே வளர்ந்து, இரவில் எழுந்து ஆட்களைக் கிழித்துப்போடுகிறாள். அவளைக் கொல்லாமல் சாபத்தை மட்டும் எடுக்க ஒரே ஒரு வழி. சேவல் மூன்றாம் முறை கூவும்வரை அவள் தன் கல்பெட்டிக்குத் திரும்பிவிடக் கூடாது. அவளோடு சண்டை போட்டுப் பார்த்த கெரால்ட் என்ற பேய்வேட்டைக்காரன், கடைசியில் அந்தப் பெட்டிக்குள் தானே இறங்கிப் படுத்து மூடியை இழுத்துக்கொள்வான். அந்த இடத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

அப்படி ஒன்றைத் தேடி டார்க் ஃபேன்டஸி, அதாவது இருண்ட மாயக்கதை, என்று போட்டால் வரும் பட்டியல்கள் எல்லாம் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியவை போலவே இருக்கின்றன. நம்பி எடுத்தால் பாதி நூல்களில் அரண்மனைச் சூழ்ச்சியும் துரோகமும் வெட்டுக்குத்தும்தான். மந்திரவாதி ஒருவன் ஓரமாக வந்து போவான். மீதிப் பாதி, சாபம் பெற்ற இளவரசனோடு காதல். காதல் கதைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நான் தேடுவது அது இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது, மாயம் கதையின் ஓரத்தில் நிற்காமல் நடுவில் இருக்க வேண்டும். தெய்வங்களும் ஆவிகளும் பழைய ஒப்பந்தங்களும் கதையை நடத்த வேண்டும். முடித்த பிறகும் மனசில் கனம் தங்க வேண்டும். பெண்களை வதைப்பதுதான் இருட்டு என்று நினைத்து எழுதியவை மட்டும் வேண்டாம். அவற்றைப் படித்துச் சலித்துவிட்டது.

அறுநூறு எழுநூறு பக்கம், அதுவும் ஒரு தொடரின் முதல் பாகம். கையில் எடுப்பதற்கு முன்னால் நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? பெயர்களும் சொல்லுங்கள், ஆனால் ஏன் என்று இரண்டு வரி சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.


மூன்றாம்சாமம் எழுதியது:

கிளென் குக், ‘தி பிளாக் கம்பெனி’, 1984. ஒரு கூலிப்படையின் கதையை அந்தப் படையின் மருத்துவனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வருகிறான். அவர்கள் யாருக்காகச் சண்டை போடுகிறார்கள் தெரியுமா? வேறு கதையில் வில்லியாக வந்திருக்க வேண்டிய ஒரு மாயக்காரிக்காக. ‘லேடி’ என்றுதான் எல்லோரும் அவளைச் சொல்கிறார்கள். அவளுக்குக் கீழே, ஒரு காலத்தில் தனித்தனியாகப் பெரும் மந்திரவாதிகளாக இருந்து, இப்போது அடிமையாக்கப்பட்ட பத்துப் பேர். ஒரு மந்திரவாதியின் உண்மைப் பெயர் தெரிந்தால் அவன் சக்தியையே பறித்துவிடலாம் என்பதால் ஆளாளுக்குப் பெயரை மறைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

எழுத்து நறுக்குத் தெறித்தாற்போல் இருக்கும். எதையும் நின்று விளக்க மாட்டார். முதல் ஐம்பது பக்கம் யார் யாரென்று புரியாது, விடாமல் போங்கள். கொடுமைகளை அந்த மருத்துவன் பெரும்பாலும் எழுதாமல் தாண்டிப் போவான், அதனால் உங்கள் நிபந்தனைக்கும் ஒத்துவரும்.


பழஞ்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி. நான் படிப்பதில் பெரும்பகுதி இந்த வகைதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு நாவலைப் பற்றி யாராவது சொன்னதும் நான் முதலில் செய்வது, மனசுக்குள் அதிலிருந்து மாயத்தை மட்டும் உருவிவிட்டுப் பார்ப்பது. உருவிய பிறகும் அதே துயரம் அப்படியே நின்றால், அது ஒரு போர் நாவல், அல்லது சூழ்ச்சி நாவல். மேலே மந்திரம் பூசியிருக்கிறார்கள். நல்ல நாவலாகவும் இருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்டது கிடைக்காது. மாயத்தை எடுத்ததும் துயரமும் சேர்ந்து சரிந்துவிட்டால் அதை வாங்கலாம்.

மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே சக்தியற்ற உடம்பு அவனுக்கு, மருந்தும் மூலிகையும் இல்லாமல் எழுந்து நிற்க முடியாது. அவன் கையில் ‘ஸ்டார்ம்பிரிங்கர்’ என்ற கரிய வாள் வந்து சேர்கிறது. வெட்டுப்பட்டவரின் ஆன்மாவை அந்த வாள் குடிக்கிறது, குடித்ததில் ஒரு பங்கை அவனுக்குத் தெம்பாகக் கொடுக்கிறது. ஆக, அவன் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் உடம்பால் மட்டுமில்லாமல் ஆன்மாவோடும் சாக வேண்டும். வாளுக்குத் தனிப் புத்தி உண்டு, எதிரி யார் வேண்டியவர் யார் என்று அது பார்ப்பதில்லை. இதிலிருந்து வாளை எடுத்துவிடுங்கள், என்ன மிஞ்சும்? நோயாளியான ஓர் அரசன், அவ்வளவே. துயரம் முழுக்க அந்த இரும்புக்குள் இருக்கிறது.

மாயம் நிறைய என்றதும் பலர் தீப்பந்து வீசுவதையும் வானத்தைப் பிளப்பதையும் நினைக்கிறார்கள். எவ்வளவு மந்திரம் போடுகிறார்கள் என்று நான் எண்ணுவதில்லை. போட்ட பிறகு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். உர்சுலா லெ குவினின் ‘தி டூம்ஸ் ஆஃப் அதுவான்’ (1971) நாவலில் மந்திரம் நடக்கும் பக்கங்கள் குறைவு, ஆனால் ஒரு பக்கம்கூட அதன் பிடியிலிருந்து விலகாது. முந்தைய பூசாரிணி இறந்த அதே இரவில் பிறந்தவள் என்பதால் ஒரு குழந்தையைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகிறார்கள். பெயரில்லாத பழைய சக்திகளுக்கு அவளை ஒப்புக்கொடுத்து, அவள் பெயரையும் பறித்துவிடுகிறார்கள். கல்லறைகளுக்குக் கீழே இருக்கும் குகையில் விளக்கு ஏற்றவே கூடாது. அந்தப் பெண் சுவரைத் தடவிக்கொண்டு, எத்தனையாவது திருப்பம், வலமா இடமா என்று எண்ணி எண்ணியே அந்தச் சுற்றுவழியை மனப்பாடம் செய்கிறாள். கைதிகளை எப்படிச் சாகவிடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பும் அவளுடையது. சோறு தண்ணீர் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு வந்தபின் அந்தச் சிறுமிக்கு என்ன ஆகிறது என்பதை லெ குவின் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு துளி ரத்தம் சிந்தாமல் அதைவிட இருட்டாக எழுத முடியாது. சின்னப் புத்தகம்தான். இளையோருக்கு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்தது தொன்மம். பழைய தெய்வங்களின் பெயர்களைக் கடன் வாங்கிப் பாத்திரங்களுக்கு வைத்துவிட்டால் தொன்மம் வந்துவிடாது. தொன்மத்துக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டம் தெய்வத்தையும் கட்டிப்போட வேண்டும். தெய்வத்தால் எதையும் செய்ய முடியும் என்று ஆகிவிட்டால் அங்கே பயமும் இல்லை, துயரமும் இல்லை.

தமிழில் படிக்கிற நமக்கு இது புதிதில்லை. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைப் பற்றிய காதையை எடுத்துப் பாருங்கள். சார்ங்கலன் என்ற சிறுவன் தனியாகச் சுடுகாட்டுக்குள் போய்விடுகிறான். அங்கே ஒரு பேய் பிணத்தின் தலையைக் கையில் ஏந்திக் கூத்தாடுகிறது. பார்த்துவிட்டு ஓடிவந்தவன் தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்தை அழைத்து நியாயம் கேட்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு என்கிறாள். முடியாது என்கிறது தெய்வம். அவள் விடுவதாக இல்லை. அப்புறம் அந்தத் தெய்வம், மற்றத் தெய்வங்களை எல்லாம் வரவழைத்து அவள் முன்னால் நிறுத்துகிறது. அத்தனை பேரும் அதே பதிலைத்தான் சொல்கிறார்கள். பேயின் கூத்தைவிட இந்த இடம்தான் எனக்கு நடுக்கம் தருகிறது. தெய்வங்கள் மொத்தமாக வந்து நின்றும் ஒரு பிள்ளையை எழுப்ப முடியவில்லை. எந்த நாட்டு நாவலாக இருந்தாலும் தொன்மத்தை இந்த அளவுக்கு நம்பி எழுதியிருக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன்.

அப்படி நம்பி எழுதியவர்களில் போல் ஆண்டர்சனைச் சொல்ல வேண்டும். ‘தி புரோக்கன் ஸ்வார்ட்’, 1954. டோல்கினின் ‘மோதிரங்களின் தலைவன்’ முதல் பாகம் வந்த அதே ஆண்டு, இரண்டு பேரும் வட ஐரோப்பியத் தொன்மத்திலிருந்துதான் அள்ளினார்கள், ஆனால் இவர் அள்ளியது அடியில் கிடந்த கசடு. எல்ஃப் என்ற மாய இனத்தாரால் இரும்பைத் தொட முடியாது. அதைத் தொடக்கூடிய ஓர் ஆள் தங்களுக்கு வேண்டும் என்பதற்காகவே மனிதக் குழந்தையைத் திருடிக்கொண்டு, அதே முகச்சாயலில் ஒரு மாற்றுக் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு பிள்ளைகளும் வளர்கிறார்கள். ஒருவன் திருடிக் கொண்டுபோய் அன்போடு வளர்க்கப்பட்டவன், இன்னொருவன் தான் யாரென்றே தெரியாமல் உள்ளுக்குள் புழுங்குகிறவன். இரும்பைத் தொடக் கூடாது என்ற ஒரே விதியிலிருந்து மொத்தக் கதையும் விளைகிறது. உங்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த மாற்றுக் குழந்தை உருவாகும் விதமே சிறைப்பட்ட ஒரு பெண்ணுக்கு இழைக்கும் கொடுமைதான். அதை ருசித்து எழுதவில்லை, ஆனால் இருக்கிறது.

அந்த மாதிரி எதுவும் வேண்டாம் என்றால் காதரின் ஆர்டனின் ‘தி பேர் அண்ட் தி நைட்டிங்கேல்’ (2017). ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் வேர்விட்ட நாவல். வாஸ்யா என்ற பெண்ணுக்கு வீட்டு ஆவிகள் கண்ணுக்குத் தெரியும். அடுப்புக்குள் குடியிருக்கும் டொமொவாய் ஒன்று, குதிரை லாயத்தில் வாஸிலா ஒன்று, ஏரியில் ருசல்கா. ஊருக்குப் புதிதாக வருகிற பாதிரி, இவற்றுக்குப் படையல் வைப்பது பாவம் என்று போதிக்கிறார். அவர் பேச்சும் நன்றாக இருக்கிறது, ஊரும் பயந்து நிறுத்திவிடுகிறது. படையல் நின்றதும் அடுப்படி ஆவி மெலிந்து மங்குகிறது. காவல் மங்கியதும் காட்டில் தூங்கிக்கொண்டிருந்த வேறொன்று புரண்டு படுக்கிறது, புதைத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். வாஸ்யா யாருக்கும் தெரியாமல் ரொட்டித் துணுக்குகளைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருப்பாள், அது போதாது என்றும் அவளுக்குத் தெரியும். ஊரில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லோரும் தங்கள் ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள், அதனாலேயே எல்லோரும் அழியப் போகிறார்கள். தொன்மமும் இருட்டும் ஒரே இழையாகத் திரிந்து கிடப்பது என்றால் இதுதான்.

இனி தேடும் வழி. டார்க் ஃபேன்டஸி என்ற பெயரைப் போட்டுத் தேடுவதை விட்டுவிடுங்கள். அந்தப் பெயரையும் கிரிம்டார்க் என்பதையும் இப்போது எதன்மேல் வேண்டுமானாலும் ஒட்டுகிறார்கள். கிரிம்டார்க் 1987இல் வந்த ‘வார்ஹாமர் 40,000’ என்ற விளையாட்டின் முகப்பு வாசகத்திலிருந்து கிளம்பிய சொல். போரும் நம்பிக்கையின்மையும் அதற்குப் போதும், மாயம் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. நீங்கள் ஏமாந்த பாதி நூல்கள் அந்த வழியாக வந்தவையாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, உங்களுக்குப் பிடித்த ஆவியின் பெயரையோ தொன்மத்தின் பெயரையோ போட்டுத் தேடுங்கள். ருசல்கா, மாற்றுக் குழந்தை, எலும்பு வீட்டுக் கிழவி, பாதாளத்துக்கு இறங்குவது, இப்படி. ஆவியின் பெயரைச் சொல்லிப் பரிந்துரைக்கிற வாசகர் அந்த ஆவிக்காகவே படித்தவராக இருப்பார்.

விருது பெற்றவற்றைவிட இறுதிப் பட்டியல்கள் பயன்படும். உலக ஃபேன்டஸி விருது 1975 முதல் கொடுக்கிறார்கள், பழைய ஆண்டுகளின் பட்டியலில் இன்று யாரும் பேசாத நல்ல நூல்கள் கிடக்கின்றன. திகிலுக்கும் இருண்ட அதிபுனைவுக்கும் என்றே ஷெர்லி ஜாக்சன் விருது இருக்கிறது. அதில் குறுநாவலுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஓர் எழுத்தாளரைச் சோதித்துப் பார்க்க அவருடைய குறுநாவலை எடுங்கள், எழுநூறு பக்கத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். எது எந்தத் தொடர், எத்தனையாவது பாகம், முதலில் எங்கே வெளிவந்தது என்பதற்கெல்லாம் ஐஎஸ்எஃப்டிபி என்ற நூல்விவரத் தளம் இருக்கிறது. கொடுமைக் காட்சிகள் பற்றிய முன்னெச்சரிக்கை வேண்டுமென்றால் ஸ்டோரிகிராஃப் என்ற வாசிப்புத் தளத்தில் வாசகர்களே குறித்து வைத்திருக்கிறார்கள்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதைப் படியுங்கள். பிடிக்காமல் போனதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் முக்கியம். “எதையும் விளக்கவில்லை, தெய்வங்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்றே புரியவில்லை” என்று ஒருவர் குறைப்பட்டால் எனக்கு ஆசை கூடிவிடும். “மந்திரத்தை அடுத்த பாகத்துக்கு ஒத்திவைத்துவிட்டார்” என்று எழுதியிருந்தால் தொட மாட்டேன்.

இலவச முன்னோட்டத்தில் முதல் அத்தியாயம் சண்டையாக இருந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். சண்டை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். முதன்முதலாக மாயம் நிகழும் இடம்வரை போங்கள். அங்கே பாத்திரங்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? ஒரு பெயரைச் சொல்லத் தயங்குகிறார்களா, ஒரு வாசலைத் தாண்ட யோசிக்கிறார்களா, சொன்ன வாக்கைத் திரும்ப எடுக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிகிறதா? விதியை விளக்கிச் சொல்வதற்கு முன்பே இந்தப் பயம் உடம்பில் தெரிந்தால் எழுதியவருக்குக் கை இருக்கிறது.

ஒரு சின்ன இடைச்செருகல். மந்திரத்தின் விதிகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் எழுதியது பலருக்குத் தெரியும். மாயத்தை வைத்து ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டுமென்றால் அந்த மாயம் வாசகருக்கு அந்த அளவுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் எழுதும் வகைக்கு அது மிகச் சரி. இருண்ட கதைகளில் மாயம் பெரும்பாலும் சிக்கலை அவிழ்ப்பதில்லை, இறுக்குகிறது. அதனால் இங்கே எனக்கு விதி முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. விலை மட்டும் தெரிந்தால் போதும்.


வடமீன் எழுதியது:

பழஞ்சுவடி, மாயத்தை உருவிப் பார்க்கும் சோதனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதை அப்படியே வைத்தால் ஆர். எஃப். குவாங்கின் ‘தி பாப்பி வார்’ (2018) தோற்றுவிடுமே. அதன் பின்பாதியில் வரும் நகரப் படுகொலைக்குப் பின்னால் இருப்பது, சீனாவின் நாஞ்சிங் நகரில் ஜப்பானியப் படை 1937இல் நடத்திய படுகொலை. தெய்வத்தைத் தங்களுக்குள் இறக்கிக்கொள்ளும் ஷாமன்களையும் அந்தத் தெய்வங்களையும் எடுத்துவிட்டாலும் அந்த அத்தியாயம் அப்படியே நிற்கும், ஏனென்றால் அது மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்தது. படித்துவிட்டு நான் சில நாள் வேறு எதையும் தொடவில்லை. அதை டார்க் ஃபேன்டஸி இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

கருநொச்சிக்கு: அந்த அத்தியாயத்தில் பெண்களுக்கு நேர்வதும் வருகிறது. அலங்காரத்துக்காக எழுதியது இல்லை என்பது என் கருத்து, ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.


பழஞ்சுவடி எழுதியது:

வடமீன், அந்த நாவல் தோற்காது. இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம்.

அந்த அத்தியாயத்தின் துயரம் மாயத்தால் வந்தது இல்லை, உண்மை. ஆனால் அதற்கு அடுத்து என்ன நடக்கிறது? போதைப்பொருள் வழியாகத் தெய்வத்தின் வாசல்வரை போகத் தெரிந்த ஒரு பெண், பார்த்ததை எல்லாம் பார்த்துவிட்டு அந்த வாசலில் போய் நிற்கிறாள். தெய்வம் கேட்டதைக் கொடுக்கும், கேட்டதற்குமேல் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்பே நாவல் நமக்கு ஒரு மலையைக் காட்டிவிடுகிறது. தெய்வம் புகுந்து மனிதம் கரைந்துபோன ஷாமன்களைக் கல்லுக்குள் அடைத்து வைத்திருக்கும் மலை. அவர்கள் சாவதும் இல்லை, அசைவதும் இல்லை. அவளுக்கு அந்த இடம் தெரியும், தெரிந்தும் கேட்கிறாள். வரலாறு தந்த துயரம் முதல் பாதி. அதற்குப் பதில் சொல்ல மாயத்தைக் கையில் எடுத்தபோது வரும் துயரம் இரண்டாம் பாதி. நீங்கள் உருவிப் பார்த்தது முதல் பாதியில். கடைசி அத்தியாயங்களில் உருவிப் பாருங்கள், நாவல் அங்கேயே நின்றுவிடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், இருட்டு மாயத்திலிருந்து மட்டும்தான் பிறக்க வேண்டும் என்று யாராவது இந்தச் சோதனையை எடுத்துக்கொண்டால் அது குறுகல். மனிதர் செய்த கொடுமைக்கு முன்னால் மாயம் வாயடைத்து நிற்கிறதா, அதை மாற்றுகிறதா, இன்னும் மோசமாக்குகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.


அகல் எழுதியது:

இரண்டு பெயர்கள் சேர்க்கிறேன்.

தனித் லீ, ‘நைட்ஸ் மாஸ்டர்’ (1978). பூமி தட்டையாக இருந்த காலத்தில் நடப்பதாகச் சொல்லும் கதைகள், ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும். அஸ்ரார்ன் என்ற அசுர இளவரசன் மனிதர்களை ஆசைகாட்டிக் கெடுப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறான். விக்கிரமாதித்தன் கதைகள் மாதிரி கதைக்குள் கதை படித்துப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு உடனே கைவந்துவிடும். மொழி அவ்வளவு அழகு, வாய்விட்டுப் படிக்கலாம்.

மார்லன் ஜேம்ஸ், ‘பிளாக் லெபர்ட், ரெட் வுல்ஃப்’ (2019). ஆப்பிரிக்கத் தொன்மங்களிலிருந்து எழுந்த நாவல். மோப்பத்தாலேயே யாரையும் தேடிக் கண்டுபிடிக்கும் ஒருவன், காணாமல்போன ஒரு பையனைத் தேடிப்போன கதையைத் தன்னை விசாரிப்பவரிடம் சொல்கிறான். சொல்வதில் எது உண்மை என்று கடைசிவரை பிடி கொடுக்க மாட்டான். மாயம் இந்த அளவுக்கு அடர்ந்த நாவலை நான் வேறு பார்த்ததில்லை. ஆனால் கொடுமைகள் மிக அதிகம், குழந்தைகளுக்கும் நேர்கிறது. கருநொச்சி, இதை உங்களுக்கு இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன், மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.


கருநொச்சி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

பழஞ்சுவடி சொன்ன மாதிரி ஸ்ட்ரிகா கதையில் மாயத்தை உருவிப் பார்த்தேன். அங்கே சாபத்துக்குக் காரணம் அரசனும் அவன் தங்கையும் கொண்ட உறவு என்று ஊரே பேசுகிறது. தவறு செய்தது பெற்றவர்கள், கல்பெட்டிக்குள் படுத்துக் கிடப்பது பிள்ளை. சாபம் இல்லையென்றால் அது ஓர் அரண்மனை ரகசியமாக முடிந்திருக்கும். எனக்கு ஏன் அந்தக் கதை இவ்வளவு பிடித்தது என்று இப்போதுதான் சரியாகச் சொல்ல முடிகிறது. விலை கொடுத்தவள் எதையும் கேட்கவே இல்லை.

லெ குவினின் கல்லறைகள் நாவலையும் ஆர்டனையும் குறித்துக்கொண்டேன், கூலிப்படை அதற்கு அடுத்தது. இரண்டு சந்தேகம். லெ குவினின் நாவல் ஒரு தொடரின் இரண்டாம் பாகம் என்று தெரிகிறது, முதல் பாகம் படிக்காமல் நேராக இதற்குப் போகலாமா? எல்ரிக் கதைகளில் எதிலிருந்து தொடங்குவது? ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள்.


பழஞ்சுவடி எழுதியது:

நேராகப் போனாலும் கதை புரியும், ஏனென்றால் இதன் நாயகி முதல் பாகத்தில் முன்னுக்கு வருவதில்லை. ஆனாலும் ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968) படித்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன், அதுவும் சிறியதுதான். அதில் கெட் என்ற மாணவன் சக மாணவனிடம் வீம்புக்காக இறந்த ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். வந்தவளோடு சேர்ந்து, அந்தப் பிளவு வழியாக வேறொரு நிழலும் உள்ளே வந்துவிடுகிறது. பிளவை மூடுவதற்காக அந்தப் பள்ளியின் தலைமை மந்திரவாதியே தன் சக்தி மொத்தத்தையும் கொட்டிச் செத்துப்போகிறார். வீம்பு ஒருவனுடையது, உயிர் இன்னொருவருடையது. இந்தக் கெட்தான் அடுத்த நாவலில் இருட்டுக்குள் வருகிறவன். அவன் என்ன சுமந்துகொண்டு வருகிறான் என்று தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணோடு அவன் பேசும் இடங்கள் வேறு மாதிரி கேட்கும்.

எல்ரிக்கில் குழப்பம் வரக் காரணம், கதை நடக்கும் வரிசையும் எழுதிய வரிசையும் வேறு வேறு. கதைப்படி முதலில் வருவது ‘எல்ரிக் ஆஃப் மெல்னிபோனே’, அது 1972இல் எழுதிய நாவல். அச்சில் முதலில் வந்தது ‘தி ட்ரீமிங் சிட்டி’ என்ற சிறுகதை, 1961. அதில் அவன் தன் சொந்த நகரத்தையே தாக்கப் படையைக் கூட்டிக்கொண்டு வருகிறான். நான் சிறுகதையைத்தான் முதலில் கொடுப்பேன். ஒரே அமர்வில் முடிந்துவிடும், வாளின் விலை என்னவென்று முழுதாகத் தெரிந்துவிடும். பிடித்திருந்தால் நாவலுக்கு வாருங்கள். அந்த வாள் அவன் கைக்கு எப்படி வந்தது, வாங்கும்போது அவன் என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அதில் இருக்கிறது. முடிவு தெரியாமல் படிப்பதுதான் பிடிக்கும் என்றால் மட்டும் நாவலை முதலில் எடுங்கள்.

ஆர்டன் முடித்ததும் அந்தப் பாதிரியைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றியது என்று இங்கேயே எழுதுங்கள். அவரைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கிறது, நானும் கேட்க ஆவலாக இருக்கிறேன்.